கீழ்த்தளத்துச் சன்னல்

“கஞ்சி ஆறுறதுக்குள்ள குடுத்துருங்க. கழுத்துல துண்டக் கட்டிட்டுக் குடுங்க. பழைய பேச்செல்லாம் அவுககிட்ட வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு இஞ்ஞாசியின் பெண்டாட்டி செலஸ்தி மீன் வாங்கப் போனாள். பழைய பேச்சாம். அவளுடைய செருப்புச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து போகும்வரை இஞ்ஞாசி கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு உள்ளே வந்தார். கட்டிலில் அவளுடைய அண்ணன் வியாகப்பன், சாய்த்துவைத்த உப்புமூட்டை மாதிரி தலையணைகள்மேல் கிடந்தான். வாய் ஒரு பக்கமாக இழுத்துப் போயிருந்தது. வலது கை மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. மாதா திருவிழா முடிந்த வாரம் வாதம் அடித்துப் பேச்சு போய்விட்டது. காது கேட்கிறது, ஆளைத் தெரிகிறது, கேட்டால் தலையை ஆட்டுகிறான், அவ்வளவுதான் மிச்சம். அவன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் கனடாவில். தங்கச்சி வீடு இருக்கிறதே என்று இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். இறக்கும்போது இஞ்ஞாசியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் படியை மிதிக்க விட்டிருக்கமாட்டார். இல்லை, பொய், விட்டிருப்பார். அன்றைக்கே நினைத்தார், வரட்டும், என் கூரைக்குக் கீழேயே கிடக்கட்டும், இவள் என்றைக்காவது வெளியே போகத்தானே வேண்டும் என்று. கேட்க வேண்டியது ஒரே கேள்வி. அவன் அதற்குத் தலையை ஆட்ட வேண்டும், செலஸ்தி அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். காசு வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், காலில் விழ வேண்டாம். அவள் பார்த்தால் போதும். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவள், ஒருநாள்கூட நம்பாதவள், பார்க்கட்டும். இன்றைக்கு முதலில் தனியாக ஒருதரம் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் வந்ததும் அவள் முன்னால் மறுபடி. வியாகப்பனின் கண் சன்னல் பக்கம் போனது. துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது, கரித்தூளும் உப்புமாக. இஞ்ஞாசி போய்ச் சன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டி, உள்ளங்கையால் சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினார். தட்டிய பிறகுதான் தட்டினோம் என்பதே தெரிந்தது. இந்தக் கை இன்னும் கப்பலைவிட்டு இறங்கவில்லை.

கொர்னேலியா என்று பெயர். வெள்ளைக் கப்பல், மஞ்சள் புகைபோக்கி. மதராசில் ஏற்றி நாகப்பட்டணத்தில் ஏற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். மேல்தளத்தில் துரைமார், நடுத்தளத்தில் கடை முதலாளிமார், கீழ்த்தளத்தில் பாயும் தகரப்பெட்டியும் ஊறுகாய்ச் சாடியுமாகச் சனங்கள், அதற்கும் கீழே இஞ்ஞாசி மாதிரிக் கலாசிகள், அவர்களை மேய்க்க ஒரு தண்டல். கலாசி என்றால் கயிறு, வாளி, துடைப்பம், சாயத் தூரிகை. கப்பலைக் கழுவிக் கழுவியே வயசு போகும். கடலைப் பார்த்தாயா, கடலைப் பார்த்தாயா என்று ஊரில் கேட்பார்கள். கடலை எங்கே பார்த்தார், வாளியில்தான் பார்த்தார். வியாகப்பன் அப்படியில்லை. துரைமாருக்குச் சாப்பாடு எடுத்துவைக்கிற பேன்ட்ரியில் வேலை, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, தலையில் எண்ணெய். துரைமார் மீதம்வைத்த புட்டிங்கைக் காகிதத்தில் சுற்றி, ஏணிக்கு அடியில் வந்து “மாப்ளே, மாப்ளே” என்று கூப்பிடுவான். அப்போதே மாப்ளே. ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே வேதபாட வகுப்பில் முட்டிபோட்டவர்கள். “தின்னுல, தண்டல் வாரதுக்குள்ள முழுங்கு. வெள்ளக்காரி எச்சிதான், ஆனா இனிக்கும்.” இனிக்கத்தான் செய்தது. சீனி கருகிய வாசனையும் முட்டையும், நாக்கில் வைத்ததும் கரையும். அந்த இனிப்பு இன்னும் பல்லுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது, அதுதான் ஆத்திரம். அவன் கொடுத்ததை வாங்கித் தின்ற வாய். தின்றுவிட்டுக் காகிதத்தையும் நக்கிய வாய். கஞ்சிக் கிண்ணம் முக்காலியில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கரண்டியை எடுத்தார், ஒரு கலக்குக் கலக்கினார், வைத்தார். முதலில் கேள்வி. “மச்சான்” என்று கூப்பிட்டார். வியாகப்பன் சன்னலிலிருந்து கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்தான். இடது கண் பார்த்தது, வலது கண் சும்மா திறந்திருந்தது. எதில் ஆரம்பிப்பது? கப்பல் சன்னலை மூடுகிற முறையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அது தெரிந்தால்தானே மற்றது புரியும். அவனுக்குத் தெரியாதா, நன்றாகத் தெரியும், ஆனாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கீழ்த்தளத்தில் பக்கவாட்டில் வரிசையாக வட்டச் சன்னல்கள், கனமான கண்ணாடி, பித்தளை விளிம்பு, இரண்டு பித்தளைத் திருகு. அவற்றுக்கு நேர் கீழேதான் கடல். காற்று திரும்பி அலை எழும்புகிற கடல் வந்தால் தண்டல் விசில் ஊதுவான், கலாசிகள் ஓடி எல்லாவற்றையும் மூட வேண்டும். மூடுவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு திருகையும் இறுக்க வேண்டும், உள்ளங்கையால் பித்தளையை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், தன் பெயரைச் சொல்லி ‘பந்த்’, மூடியாயிற்று, என்று கத்த வேண்டும். ஏணிக்குக் கீழே நிற்கிற தண்டல் அப்பாஸ் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்வான். அதோடு அந்தச் சன்னல் அந்த ஆளின் தலையில். ஞானஸ்நானம் கொடுக்கிற மாதிரித்தான். கடல் உள்ளே புகுந்த அன்றைக்கும் இஞ்ஞாசி இறுக்கினார், தட்டினார், “இஞ்ஞாசி, பந்த்” என்று கத்தினார். “இஞ்ஞாசி” என்றான் அப்பாஸ். இறுக்கினாரா? இறுக்கினார். இரண்டாவது திருகு கொஞ்சம் வழுக்கியது, சட்டைத் துணியைச் சுற்றிப் பிடித்து இறுக்கினார், துணியில் பச்சைக் களிம்பு ஒட்டியது. அந்தக் களிம்பு துவைத்தும் போகவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? துணியைச் சுற்றியது அந்தச் சன்னலிலா, அதற்கு அடுத்ததிலா என்று பிறகு கப்பல்காரர்கள் வைத்த விசாரணையில் ஒரு துரை கேட்டான். கேள்வியைப் பார், கேள்வியை. அந்தக் கேள்வியைத்தான் இத்தனை வருஷமாகத் தூக்கத்திலும் முழிப்பிலும் இஞ்ஞாசி கழுவிக்கொண்டிருக்கிறார், போகாத கறையைக் கழுவுகிற மாதிரி. அந்தச் சன்னல்தான். அதேதான். வழுக்கியது அதுதான், ஏனென்றால் அதற்குக் கீழே ஒரு கிழவி தைலப் புட்டியைத் திறந்து வைத்திருந்தாள், அந்த நெடியில் கண் எரிந்தது, கண்ணைத் துடைத்த கையோடு திருகைப் பிடித்ததால்தான் வழுக்கியது. தைலம், களிம்பு, துணி. எல்லாம் ஒரே சன்னல்.

பிறகு நடந்தது பேன்ட்ரி ஆட்களின் சோம்பேறித்தனம். கழிவுவாளியை மேலே கொண்டுபோய்க் காற்றுக்குப் பின்பக்கமாகக் கொட்ட வேண்டும், அதுதான் சட்டம். இரண்டு ஏணி ஏற வேண்டும், வழியில் துரைசானி யாராவது மூக்கைப் பொத்தினால் பட்லர் அடிப்பான். அதனால் பேன்ட்ரிப் பையன்கள் கீழ்த்தளத்துக்கு இறங்கி, சன்னலைத் திறந்து, சளக்கென்று கடலில் கொட்டிவிட்டு, ஒப்புக்கு ஒரு திருகை மாத்திரம் திருகிவிட்டுப் போவார்கள். கப்பலுக்கே தெரிந்த விஷயம். கடல் படுத்திருக்கும்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அன்றைக்குக் கடல் படுத்திருக்கவில்லை. சாயங்கால டீக்குப் பிறகு இஞ்ஞாசி ஏணியில் ஏறுகிறார், வியாகப்பன் இறங்கி வருகிறான், கையில் வாளி, மேலே துணி போட்டு மூடியிருக்கிறது, துணிக்கு மேலாக எலுமிச்சைத் தோல் எட்டிப் பார்க்கிறது. “எங்கல எறங்குத?” “ஒம் பொண்டாட்டிக்கு விருந்து கொண்டு போறேன், வழிய விடு.” அப்போது பெண்டாட்டி கிடையாது. சிரித்தார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள், ஏணியில் தோள் உரசிக்கொண்டு. அந்தச் சிரிப்பைத்தான் இஞ்ஞாசியால் தாங்க முடியவில்லை. அங்கேயே பிடித்து நிறுத்தியிருக்கலாம். சன்னலெல்லாம் சாத்தியாச்சுல, மேலே போ என்று ஒரு வார்த்தை. ஒரு பீடி நேரம்கூட ஆகவில்லை, கீழேயிருந்து அலறல். அந்த அலறல் மாதிரி ஒரு சத்தத்தை அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் மூடிய அதே சன்னல் முழுதாக மல்லாந்து கிடக்கிறது, கப்பல் அந்தப் பக்கம் சாயும்போதெல்லாம் கடல் குழாயில் வருகிற மாதிரி பச்சையாக வந்து விழுகிறது. பாய் மிதக்கிறது, பெட்டி மிதக்கிறது, யாரோ கூண்டில் கொண்டுவந்த கிளி கூண்டோடு போய் முட்டுகிறது. ஒரு கர்ப்பிணிப் பெண் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழவே இல்லை. தைலக் கிழவி மாதாவை அல்ல, மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு ஒரு தூணைக் கட்டிப் பிடித்திருந்தாள். இஞ்ஞாசி தோளைக் கொடுத்துக் கண்ணாடியைத் தள்ளினார். அலை திருப்பித் தள்ளியது. மறுபடி தள்ளினார். கட்டைவிரல் விளிம்புக்குள் மாட்டி நசுங்கியது. இதோ, இன்றைக்கும் கோணிக்கொண்டுதான் இருக்கிறது, கரண்டி பிடித்தால் வலிக்கிறது. கடைசியில் மூடியது யார்? நசுங்கிய விரலோடு மூடியது இஞ்ஞாசி. அந்தப் பிள்ளை கர்ப்பத்திலேயே போய்விட்டது என்று பினாங்கில் இறங்கியபோது சொன்னார்கள். அதுவும் அவர் தலையில்தான். இஞ்ஞாசி, பந்த்.

“நான் பேன்ட்ரியில கிளாஸ் தொடச்சுக்கிட்டிருந்தேன்” என்றான் வியாகப்பன் விசாரணையில். பட்லர் ஆமாம் என்றான். ஏன் சொல்லமாட்டான், பையன் மாட்டினால் பட்லரும் அல்லவா மாட்டுவான். “ஏணியில பாத்தேன் சார், கையில வாளி இருந்துச்சு” என்று இஞ்ஞாசி தமிழில் கத்தினார். அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய குமாஸ்தா எதைச் சொன்னானோ, துரை உதட்டைப் பிதுக்கினான். சாயச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் நடுவில் எதை நம்புவான் துரை. வியாகப்பனின் சட்டைக்கை முழங்கை வரைக்கும் ஈரமாக இருந்தது. கிளாஸ் துடைக்கிறவன் கை ஈரமாகத்தானே இருக்கும் என்றான் பட்லர். அதற்குமேல் பேச்சில்லை. சன்னலைச் சரியாக மூடாதவன் என்று, எந்தக் கப்பலிலும் ஏற முடியாதபடி எழுதி அனுப்பினார்கள். ஊருக்கு வந்தால் கதை அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. சன்னல் இஞ்ஞாசி. தெருவில் குடும்பப் பெயரைச் சேர்த்து மச்சாது இஞ்ஞாசி என்றால் தபால்காரனுக்குத் தெரியாது, சன்னல் இஞ்ஞாசி என்றால் பால்வாடிப் பிள்ளை கைகாட்டும். மேகம் கறுத்தால் போதும், டீக்கடையில் எவனாவது ஆரம்பிப்பான். “என்ன மாமா, மழ வாற மாதிரி இருக்கு, சன்னல சாத்தியாச்சா?” அளத்தில் உப்பு சுமந்த காலத்திலும் அதே பேச்சு, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்திலும் அதே. வியாகப்பன் ஒவ்வொரு தடவையும் கப்பலிலிருந்து இறங்கி வருவான், நைலான் சட்டையும் டிரான்சிஸ்டருமாக, முதலில் பையன், பிறகு ஸ்டூவர்ட், பிறகு ஸ்டூவர்ட்டுக்கெல்லாம் ஸ்டூவர்ட். வந்ததும் நேரே இஞ்ஞாசி வீட்டுக்குத்தான் வருவான். ஒருதரம் வந்தபோதுதான் சொன்னான், “மாப்ளே, செலஸ்தியக் கட்டிக்கிடு.” கப்பலிலிருந்து துரத்தப்பட்டவனுக்கு எவன் பெண் கொடுப்பான்? இவன் கொடுத்தான். அவனுடைய அப்பனும் ஆத்தாளும் ஆகாது என்று நின்றார்கள், இவன்தான் ஒற்றைக்காலில் நின்று முடித்தான். தெருவே மெச்சியது, கூட்டாளியைக் கைவிடாத மனுசன் என்று. இஞ்ஞாசிக்குத் தெரியாதா? வாயை அடைக்கத் தங்கச்சி. பேன்ட்ரியில் மிஞ்சிய புட்டிங் மாதிரி. தாலி கட்டும்போதே தெரியும், தெரிந்துதான் கட்டினார், அவளை ஆசைப்பட்டும் கட்டினார், இரண்டும் ஒன்றாக இருந்ததுதான் பெரிய கொடுமை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளிடம் சொன்னார், ஏணி, வாளி, எலுமிச்சைத் தோல் எல்லாவற்றையும். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, “எங்கண்ணன் அப்படிச் செய்யக்கூடிய ஆளில்ல. நீங்கதான் மறந்திருப்பீங்க. போவுது, விடுங்க” என்றாள். போவுது. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது இரக்கம். கோபமாக இருந்திருந்தால் மறந்திருப்பார். இரக்கத்தோடு சோறு போட்டாள், இரக்கத்தோடு பிள்ளை பெற்றாள், அவன் கொண்டுவந்த சைனாத் தட்டில் இரக்கத்தோடு மீனை அள்ளி வைத்தாள். அந்தத் தட்டுகளில் ஒன்றையாவது கை தவறி உடைக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறார். உடைத்ததில்லை. அவனிடம் தனியாகக் கேட்டபோதெல்லாம், “அத விடு மாப்ளே” என்பான். இல்லை என்று சொன்னதில்லை. கவனித்தீர்களா, இல்லை என்று ஒருதரம்கூடச் சொன்னதில்லை. அத விடு மாப்ளே. விடுவதற்கு அது என் கையிலா இருக்கிறது.

அறை புழுங்கியது. வியாகப்பனின் நெற்றியில் வேர்வை, கண் மறுபடியும் சன்னலுக்குப் போனது. “அங்க என்ன பாக்க? இங்க பாரு.” தாடையைப் பிடித்துத் திருப்பினார். தாடை சொரசொரப்பாக, சூடாக, ஒரு பக்கம் எச்சில் ஒழுகி இருந்தது. இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தை அவர் பார்த்தே பல காலம். மூக்குக்குப் பக்கத்தில் அந்த மச்சம் அப்படியே இருந்தது. “கொர்னேலியா ஞாபகம் இருக்கா?” தலை ஆடியது. “கீழ்த்தளத்துச் சன்னல்?” ஆடியது. “நீதானல தொறந்தே? வாளியக் கொட்டத் தொறந்தே. நீதான?” வியாகப்பன் அவரையே பார்த்தான். பிறகு மெதுவாக, கீழே, மேலே, தலை ஆடியது. அவ்வளவுதான். இஞ்ஞாசி முக்காலி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். வெளியே கருவாட்டுக்காரி கூவிக்கொண்டு போனாள், எங்கேயோ பிரஷர் குக்கர் விசில் அடித்தது, உலகம் ஒன்றும் ஆகாமல் இருந்தது. அழுகை வரும் என்று நினைத்திருந்தார், வரவில்லை. சந்தோஷமா இது? காலிலிருந்த செருப்பைக் கழற்றிய மாதிரி இருந்தது, கழற்றிய இடத்தில் காற்று படுகிற மாதிரி. ஆட்டினான். ஒத்துக்கொண்டான். அந்தப் பிள்ளையும் அவன் தலையில், கிளியும் அவன் தலையில். இனி அவள் வர வேண்டியதுதான். வந்ததும் செருப்பைக் கழற்ற விடக்கூடாது, கூடையோடேயே கட்டிலுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். அவள் முகம் எப்படிப் போகும்? அந்த இரக்கம் முதலில் வடியும், பிறகு என்ன வரும், வெட்கம் வருமா, இத்தனை வருஷம் ஒங்கள நம்பாமப் போனேனே என்று ஒரு வார்த்தை வருமா? வந்தால் இவர் என்ன சொல்வது? போவுது, விடு என்று அவள் சொன்ன மாதிரியே சொல்ல வேண்டும், அதே இரக்கத்தோடு. இன்னொருதரம் கேட்டுப் பார்ப்போமா, உறுதிக்கு? வேண்டாம். ஏன் வேண்டாம்? நேற்று, கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை பார்க்க வந்தவர், நல்லா இருக்கீங்களா என்றார், ஆட்டினான். வலி இருக்கா என்றார், ஆட்டினான். வலி இல்லையே என்றார். அதற்கும் ஆட்டினான். அது வேறு. அது மரியாதைக்கு ஆட்டியது. வெளியாளுக்கு ஆட்டுவது வேறு, இது வேறு, இது கண்ணைப் பார்த்து ஆட்டியது. மாற்றிக் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நானா தொறந்தேன், நானா மறந்தேன் என்று ஒரே ஒருதரம். நாக்கு நுனியில் வந்துவிட்டது. இஞ்ஞாசி பல்லைக் கடித்தார். கேட்கமாட்டார். துரை கேட்ட கேள்வியே போதும், தானே தன்னிடம் இன்னொரு கேள்வி கேட்க அவர் என்ன பைத்தியமா. வியாகப்பன் வாயைத் திறந்தான், ம்ம் என்று ஒரு சத்தம் வந்தது. கண் முக்காலிக்குப் போய், சன்னலுக்குப் போய், மறுபடி அவரிடம் வந்தது. என்ன சொல்ல வருகிறான்? இனி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் கூடையை இறக்குமுன்னேயே இஞ்ஞாசி அவள் கையைப் பிடித்து இழுத்தார். “வா இங்க, வா, கூடைய வையி, இல்ல, வைக்காத, வா.” “என்னாச்சு அண்ணனுக்கு?” என்று செலஸ்தி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். “ஒண்ணும் ஆகல. நில்லு. கண்ணால பாரு” என்று சொல்லிவிட்டுக் கட்டிலின் மேல் குனிந்தார். “மச்சான், கொர்னேலியாவுல அந்தச் சன்னலத் தொறந்தது யாரு? நீதான? வாளி கொட்டத் தொறந்தது நீதான?” வியாகப்பன் தலையை ஆட்டினான். “பாத்தியா? பாத்தியாட்டி? இன்னும் என்ன வேணும் ஒனக்கு?” செலஸ்தி அவரைப் பார்க்கவில்லை. அண்ணனின் நெற்றி வேர்வையைத் தொட்டாள், காய்ந்த உதட்டைத் தொட்டாள். கழுத்தில் கட்டாத துண்டு தலைமாட்டில் மடித்தபடியே இருந்தது. குனிந்து, பிள்ளையிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். “அண்ணே, கஞ்சி குடிச்சியா?” வியாகப்பன் தங்கச்சியைப் பார்த்தான். பிறகு இஞ்ஞாசியைப் பார்த்தான். கீழே, மேலே, தலையை ஆட்டினான். அதே ஆட்டல்தான், ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. முக்காலியில் கிண்ணம் விளிம்புவரைக்கும் நிறைந்திருந்தது. கஞ்சியின் மேல் ஆடை படிந்து சுருங்கியிருந்தது, ஒரு ஈ அதன்மேல் நடந்துகொண்டிருந்தது. இவன் எல்லாவற்றுக்கும்தான் ஆட்டுகிறானா, அல்லது கஞ்சி கொடுக்காத தன்னை இப்போதும் அவளிடம் மாட்டிவிடாமல் காப்பாற்றத்தான் பொய்க்கு ஆட்டினானா என்று இஞ்ஞாசிக்குள் ஒரு நினைப்பு ஓடியது. இரண்டாவதை நினைத்தபோது முதலாவதைவிட அதிகமாகக் கசந்தது. செலஸ்தி ஈயை விரட்டிவிட்டுக் கிண்ணத்தை எடுத்தாள். சுட வைக்க அடுப்படிக்குப் போகத் திரும்பியவள், அறையின் புழுக்கத்தில் முகத்தைச் சுளித்து நின்றாள். “இப்படி மூச்சு முட்ட வச்சிருக்கே, இந்தச் சன்னல யாரு சாத்துனது?” கோணல் கட்டைவிரலை மற்றக் கையால் மூடிக்கொண்டு இஞ்ஞாசி சொன்னார், “நான்தான் சாத்துனேன்.” எத்தனையோ பேரிடம், எத்தனையோ வருஷமாக அவர் சொல்லிவந்த வார்த்தைதான். அவள் உடனே நம்பினாள்.